மாதம், மண், கூரை: அமெரிக்கத் தெற்கின் நாட்டுப்புறத்தில் தங்கத் திட்டமிடுவோருக்கு

அட்லாண்டா, சார்லட், ராலே, நாஷ்வில் புறநகர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களிடையே நீண்ட வார இறுதி நெருங்கும்போது ஒரு விவாதம் தவறாமல் கிளம்பும். கேபின் எடுப்பதா, ஆர்.வி. எடுப்பதா? தனித்தனி அறை, பெரிய சமையலறை, மாடியில் வெந்நீர்த் தொட்டி என்பார் கேபின்காரர். வீட்டையே ஓட்டிக்கொண்டு போகலாம், பிள்ளைகள் துள்ளுவார்கள் என்பார் ஆர்.வி.காரர். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இது கடைசியில் கேட்கவேண்டிய கேள்வி. எந்த மாதம் போகிறோம், யாருடைய மண்ணில் தங்குகிறோம் என்ற இரண்டும் முடிவானால், எந்தக் கூரை என்பது பெரும்பாலும் தானே தெளிந்துவிடும். தலைகீழாகத் தொடங்குவதால்தான் பலருடைய பயணம் பணத்தைக் கரைத்து அலுப்பில் முடிகிறது.

தெற்கு என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோமே தவிர, நிலம் ஒன்றல்ல. டென்னசி, வட கரோலினா எல்லையில் குவோஹி சிகரம் 6,643 அடி உயரத்தில் நிற்கிறது. 2024 வரை கிளிங்மன்ஸ் டோம் என்று அழைக்கப்பட்டது இதுதான். ஜார்ஜியாவின் தென்கோடியில் ஓகஃபினோகி சதுப்புநிலம் தாழ்நிலத்தில், முதலைகளோடு கிடக்கிறது. மேற்கே ஆர்கன்சாவில் ஓசார்க், வாஷிட்டா மலைகள்; தெற்கே வளைகுடாக் கரை. ஓரிடத்துக்கு உகந்த மாதம் இன்னோரிடத்துக்கு ஆகாது.

மாதம்

தமிழ்க் குடும்பங்கள் அதிகம் கிளம்பும் காலம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. பள்ளி விடுமுறை ஒரு காரணம். ஊரிலிருந்து அம்மா அப்பா ஆறு மாத அனுமதியில் வந்து தங்கியிருப்பது இன்னொரு காரணம். ஆனால் தாழ்நிலத் தெற்கில் கூடாரத்துக்கும் ஆர்.வி.க்கும் மிக மோசமான பருவம் இதுவே. வெயிலைப் பழகியவர்களுக்கு வெயில் பெரிதல்ல. இரவிலும் இறங்காத புழுக்கமும், மாலைதோறும் வரும் இடி மழையும், கொசுவும்தான் வாட்டும். கோடையில்தான் போக முடியும் என்றால் மலை ஏற வேண்டும். ஸ்மோக்கி மலைகளைக் கடக்கும் நியூஃபவுண்ட் கேப் கணவாய் 5,046 அடியில் இருக்கிறது. அடிவாரத்து நகரம் வேகும்போதும் அங்கே காற்று குளிர்ந்திருக்கும்.

அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் முதல் வாரம் வரை இலைகள் நிறம் மாறும் காலம். மேலே தொடங்கும் நிறம் வாரா வாரம் கீழிறங்கும். அழகு, வாடகை, நெரிசல் மூன்றும் உச்சத்தில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வந்து புதன்கிழமை கிளம்ப முடிந்தவர்களுக்கு அதே காடு பாதி அமைதியோடு கிடைக்கும். ஏப்ரல் நடுவில் காட்டுப்பூக்கள். மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ ஸ்மோக்கியின் எல்க்மான்ட் பகுதியில் மின்மினிகள் ஒரே தாளத்தில் ஒளிர்ந்து அணையும். அந்த நாட்களில் வாகனத்தோடு உள்ளே போகக் குலுக்கலில் பெயர் விழ வேண்டும். ஜனவரி, பிப்ரவரியில் மலைக் கேபின்கள் மலிவு. ஆனால் செங்குத்தான சரளைப் பாதையில் பனி உறைந்தால் சாதாரணக் கார் ஏறாது. அதே மாதங்கள்தான் ஃபுளோரிடாவுக்கும் வளைகுடாக் கரைக்கும் பொற்காலம். வடக்கிலிருந்து குளிருக்குத் தப்பி வரும் ஓய்வுபெற்றோர் அங்குள்ள ஆர்.வி. இடங்களைப் பல மாதங்களுக்கு முன்பே பிடித்துவிடுவார்கள்.

மண் யாருடையது?

விளம்பரப் படங்களில் எல்லா முகாமும் ஒன்றுபோலத் தெரியும். மண்ணின் உரிமையாளர் யார் என்பதே அங்கு மின்சாரம் உண்டா, எப்போது பதிவு செய்வது, எவ்வளவு நீள வண்டி நுழையும் என்பதையெல்லாம் தீர்மானிக்கிறது.

முதலில் தேசியப் பூங்காக்கள். 5 லட்சம் ஏக்கருக்கு மேல் பரந்த கிரேட் ஸ்மோக்கி மலைகள் 1934-இல் உருவான பூங்கா. அண்மைய ஆண்டுகளில் இங்கு பதிவான வருகைகள் 1.2 கோடியைத் தாண்டியிருக்கின்றன. நாட்டின் வேறெந்தத் தேசியப் பூங்காவுக்கும் இத்தனை கூட்டமில்லை. நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆனால் 2023 மார்ச் முதல், 15 நிமிடத்துக்கு மேல் வண்டியை நிறுத்தினால் அனுமதிச் சீட்டு வேண்டும். உள்ளே உள்ள பெரும்பாலான முகாம்களில் ஆர்.வி.க்கு மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் இணைப்புகள் கிடையாது. இந்த இணைப்புகளைத்தான் ஹுக்-அப் என்கிறார்கள். புகழ்பெற்ற பூங்கா என்பதால் எல்லா வசதியும் இருக்கும் என்று நம்பி, பெரிய வண்டியோடும் குளிரூட்டி நினைப்போடும் போய் இறங்குவோர் ஏமாறுவது இங்கேதான். நாஷ்வில் அருகே தொடங்கி மிசிசிப்பியின் நாச்சஸ் வரை 444 மைல் ஓடும் நாச்சஸ் டிரேஸ் சாலையும் தேசியப் பூங்காத் துறையுடையது. லாரி கிடையாது, விளம்பரப் பலகை கிடையாது. வழியில் கட்டணமில்லாத, முன்பதிவில்லாத மூன்று முகாம்கள். அவற்றிலும் மின்சாரம் இல்லை. மராமத்துக்காக மூடுவதும் உண்டு, கிளம்புமுன் விசாரிக்க வேண்டும்.

அடுத்தது, பலர் காதில் விழாத பெயர்: ராணுவப் பொறியாளர் படை. அணைகளைக் கட்டிய இந்தப் படை, அவற்றால் உருவான ஏரிக்கரைகளில் முகாம்களையும் நடத்துகிறது. ஜார்ஜியாவின் லேனியர், அலட்டூனா, தென் கரோலினா எல்லையிலுள்ள ஹார்ட்வெல் ஏரிகளில் தண்ணீரைத் தொட்டபடி வண்டியை நிறுத்தலாம். பெரும்பாலான இடங்களில் மின்சாரமும் தண்ணீரும் உண்டு. வாடகையும் தனியார் முகாம்களைவிடக் குறைவாகவே இருக்கும். கூட்டரசின் பொது முன்பதிவு இணையதளத்தில் பெரும்பாலும் ஆறு மாதம் முன்பாகப் பதிவு திறக்கும். 62 வயதான குடிமக்களும் பச்சை அட்டை வைத்திருப்போரும் முதியோர் அனுமதி அட்டை வாங்கினால் கூட்டரசு முகாம்கள் பலவற்றில் பாதிக் கட்டணம். சுற்றுலா விசாவில் வந்திருக்கும் பெற்றோருக்கு இது பொருந்தாது.

மூன்றாவது, மாநிலப் பூங்காக்கள். பொருளாதாரப் பெருமந்தத்தின்போது 1933 முதல் 1942 வரை இயங்கிய குடிமக்கள் பாதுகாப்புப் படை, வேலையற்ற இளைஞர்களைக் கொண்டு தெற்கெங்கும் பாதை போட்டது, குளம் வெட்டியது, கல்லாலும் மரத்தாலும் குடில்கள் கட்டியது. ஜார்ஜியாவின் வோகல், அலபாமாவின் டிசோட்டோ, தென் கரோலினாவின் டேபிள் ராக், ஆர்கன்சாவின் பெட்டி ஜீன் பூங்காக்களில் அந்தக் கைவேலை இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ள குடில்கள். வாசலிலிருந்தே நடைபாதை தொடங்கும். சிக்கல் ஒன்றுதான், இடம் கிடைப்பது. ஜார்ஜியாவில் 13 மாதம் முன்பாகவே பதிவு திறக்கிறது. அடுத்த அக்டோபரை இந்த செப்டம்பரிலேயே யோசிப்பவருக்குத்தான் அங்கு இடம். மற்றவர்கள் ரத்தாகும் இடங்களை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கடைசி இரண்டு வாரங்களில் சில விழும்.

கடைசியாகத் தனியார். கேட்லின்பர்க், பிஜன் ஃபோர்ஜ், ஜார்ஜியாவின் புளூ ரிட்ஜ், ஹெலன் சுற்றுவட்டாரங்களில் ஆயிரக்கணக்கான வாடகைக் கேபின்கள். கே.ஓ.ஏ. போன்ற தொடர் முகாம்களில் மூன்று இணைப்புகளும், நீச்சல் குளமும், துணி துவைக்கும் இயந்திரமும் கிடைக்கும். வசதிக்குக் குறைவில்லை, பணமும் அதற்கேற்ப. காடு மட்டும் சற்றுத் தள்ளிப்போய்விடும்.

கேபின்: விளம்பரத்துக்குப் பின்னே

மூன்று தலைமுறை சேர்ந்து போகும் குடும்பத்துக்குக் கேபினே பொருத்தம் என்பது பொதுவாகச் சரி. ஆனால் மலைக் கேபின் என்பது சரிவில் தூண் நட்டுக் கட்டிய வீடு. கார் நிறுத்துமிடத்திலிருந்து வாசலுக்கு எத்தனை படி? படுக்கையறையும் கழிப்பறையும் ஒரே தளத்தில் உண்டா? பத்துப் பேர் தங்கலாம் என்று போட்டிருப்பதில் நான்கு பேர் மாடத்தில் ஏணி ஏறிப் படுப்பவர்களாக இருக்கக்கூடும். முழங்கால் வலிக்காரருக்கு அது கணக்கில் வராது. இந்த மூன்றையும் பதிவுக்கு முன் எழுதிக் கேட்டுவிட வேண்டும்.

வாடகையிலும் முதலில் தெரியும் தொகை முழுத் தொகையல்ல. சுத்தம் செய்யும் கட்டணம், சேவைக் கட்டணம், வரி எல்லாம் சேர்ந்தால் இரண்டு இரவுத் தங்கலின் நாள் கணக்கு எகிறிவிடும். சுத்தக் கட்டணம் தங்கும் நாளைப் பொறுத்தது அல்ல என்பதால் நான்கு இரவாகத் தங்கினால் அதன் சுமை பாதியாகும். பாதை தார்ச்சாலையா சரளையா, கைபேசி எடுக்குமா, இணையம் உண்டா என்பவையும் கேட்கவேண்டியவை. மலைப் பள்ளத்தாக்குகளில் பெரிய நிறுவனங்களின் அலைவரிசையும் அறுந்துபோகும். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்வதோடு, வீட்டுக்காரர் அனுப்பும் வழிக்குறிப்பைத் தாளில் எழுதிக்கொள்வதும் நல்லது.

ஆர்.வி.: அறுபது விழுக்காடு ஓட்டுநர், நாற்பது விழுக்காடு பிளம்பர்

வாடகைக்குப் பொதுவாகக் கிடைப்பது சி வகுப்பு: வேன் முகப்பின் மேல் ஒரு படுக்கை துருத்திக்கொண்டிருக்கும் வண்டி. ஏ வகுப்பு பேருந்து அளவு; பி வகுப்பு இருவருக்கான வேன். இழுத்துச் செல்லும் டிரெய்லர்களுக்குப் பலமுள்ள வண்டி தேவை. பெரும்பாலான மாநிலங்களில் 26,000 பவுண்டுக்குக் குறைந்த வண்டியைச் சாதாரண உரிமத்தோடு ஓட்டலாம். சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காகக் கை பழகிவிடாது. திரும்பும்போது பின்பகுதி எதிர்ப்பக்கம் வீசும். கூரை உயரம் 11 அடியைத் தாண்டும், வங்கி, உணவகங்களின் வாகனச் சாளரக் கூரைகள் இடிக்கும். பெட்ரோல் கேலனுக்கு 8, 10 மைல்தான் தரும். வாடகையில் மைலுக்கும், ஜெனரேட்டர் ஓடும் மணிக்கும் தனிக் கட்டணம் இருக்கலாம். இவற்றை எல்லாம் கூட்டினால், ஒரே இடத்தில் மூன்று இரவு தங்கும் குடும்பத்துக்கு ஆர்.வி. மலிவு என்ற கணக்கு நிற்பதில்லை. ஊர் ஊராக நகரும் பயணத்தில்தான் அது தன் செலவுக்கு ஈடு கொடுக்கிறது.

சாலைகளும் வண்டியைப் பார்த்தே வழிவிடும். 11 மைலில் 318 வளைவு கொண்ட டிராகன் வால் சாலையில் நீள வண்டிக்கு வேலையில்லை. கேட்லின்பர்க் அருகிலுள்ள ரோரிங் ஃபோர்க் காட்டுப் பாதையில் ஆர்.வி.க்குத் தடை. ஸ்மோக்கி முகாம்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நீள வரம்பு. கைபேசி வழிகாட்டி குறுக்குவழி காட்டினால் மலையில் அதைக் கேட்கக் கூடாது.

மின்சாரக் கணக்கு சமையல் செய்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 30 ஆம்ப் இணைப்பில் கிடைப்பது மொத்தம் 3,600 வாட். குளிரூட்டி ஒன்றே சுமார் 1,500 எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் இண்டக்‌ஷன் அடுப்பையும் ரைஸ் குக்கரையும் சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழும். 50 ஆம்ப் இணைப்பு 12,000 வாட் தரும், ஆனால் வண்டியும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். எனவே சமையல் கேஸ் அடுப்பில். சோறு வேகும்வரை மைக்ரோவேவுக்கு ஓய்வு.

தண்ணீர் மூன்று தொட்டிகளில் ஓடுகிறது: நல்ல தண்ணீர், பாத்திரமும் குளியலும் விடும் கிரே டேங்க், கழிப்பறையின் பிளாக் டேங்க். ஹுக்-அப் இல்லாத இடத்தில் ஐந்து பேர் ஷவரில் குளித்தால் ஒரே நாளில் கிரே டேங்க் நிரம்பிவிடும். வாளியும் குவளையுமாகக் குளித்து வளர்ந்தவர்களுக்கு இங்கே அந்தப் பழக்கம் கைகொடுக்கும். அரிசி கழுவிய தண்ணீரையோ குழம்புப் பாத்திரம் தேய்த்த தண்ணீரையோ மண்ணில் ஊற்றக் கூடாது. பெரும்பாலான முகாம்களில் அது விதிமீறல், கரடியையும் அழைக்கும். கிளம்பும்போது டம்ப் ஸ்டேஷனில் முதலில் பிளாக் டேங்கைத் திறக்க வேண்டும், பிறகு கிரே. சோப்புத் தண்ணீர் பின்னால் வந்து குழாயைக் கழுவிவிடும். கையுறை அவசியம். இந்த வேலைக்கு முகம் சுளிப்பவர் ஆர்.வி. எடுக்காதிருப்பதே குடும்ப அமைதிக்கு நல்லது.

அடுப்பும் தட்டும்

புறநகர் எல்லையைத் தாண்டினால் இந்திய மளிகை இல்லை. பல சிற்றூர்களில் டாலர் ஜெனரல் மட்டுமே கடை. அங்கே பாலும் ரொட்டியும் கிடைக்கும், கொத்தமல்லி கிடைக்காது. புளிக்காய்ச்சல், வறுத்து அரைத்த பொடிகள், இட்லி மிளகாய்ப்பொடி, ஊறுகாய் என்று வீட்டிலேயே முடித்துக்கொண்டு போனால் காட்டில் சோறு வடிப்பது மட்டும்தான் வேலை. கேபின் அடுப்பில் மீன் வறுத்தாலும் தாளித்தாலும் புகை உணர்கருவி அலறும். வெளித்திண்ணையில் உள்ள கிரில்லில் வறுவல் வேலையை வைத்துக்கொள்ளலாம்.

உள்ளூர் உணவை ஒதுக்கிவிடவும் வேண்டாம். ஜார்ஜியா, அலபாமா சாலையோரங்களில் உப்புநீரில் வேகவைத்த கடலை விற்பார்கள். நம் கடற்கரைச் சுண்டலைத் தின்று வளர்ந்தவருக்கு அறிமுகமே தேவையில்லை. கோடையில் வெண்டைக்காய், பீச். ஆனால் சைவர்கள் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும்: காலர்ட் கீரையும் பீன்ஸும் பார்வைக்குச் சைவம், பெரும்பாலும் பன்றிக்கொழுப்போடு வெந்தவை. பிஸ்கட்டிலும் அது இருக்கலாம்.

எதற்கு அஞ்சுவது, எதற்கு வேண்டாம்

முதலில் எல்லாருக்கும் நினைவில் வருவது கரடி. ஸ்மோக்கியில் சுமார் 1,900 கருங்கரடிகள் உண்டு. உணவையும் பற்பசையையும்கூடக் கூடாரத்தில் விடாமல் காரில் பூட்டினால், 50 கெஜத்துக்குள் நெருங்காமல் இருந்தால், கரடி ஒரு நினைவாக மட்டுமே மிஞ்சும். அதிகம் அஞ்சவேண்டியது தண்ணீருக்கும் காற்றுக்கும் நெருப்புக்கும்.

2010 ஜூன் 11 விடியலில் ஆர்கன்சாவின் ஆல்பர்ட் பைக் முகாமில் லிட்டில் மிசௌரி ஆறு சில மணி நேரத்தில் 20 அடி உயர்ந்து, கூடாரங்களையும் ஆர்.வி.களையும் அடித்துச் சென்றது. 20 பேர் இறந்தார்கள். குறுகிய பள்ளத்தாக்கு, எச்சரிக்கை எட்டாத கைபேசிகள், உறக்க நேரம் மூன்றும் சேர்ந்தன. 2016 நவம்பர் 28 இரவு ஸ்மோக்கியில் எரிந்த தீ, புயற்காற்றில் கேட்லின்பர்க்குக்குள் இறங்கியது. 14 பேர் இறந்தனர், சுமார் 2,500 கட்டடங்கள் அழிந்தன அல்லது சேதமுற்றன. அவற்றில் வாடகைக் கேபின்களும் ஏராளம். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் கடலிலிருந்து நெடுந்தொலைவிலுள்ள மேற்கு வட கரோலினா மலைகளையே சிதைத்தது. பிஜன் ஆற்றோரம் ஐ-40 நெடுஞ்சாலை அரித்துப்போய், 2025 மார்ச்சில்தான் திசைக்கொரு தடமாகத் திறந்தது. மலைக்குப் போனால் புயல் எட்டாது என்ற நம்பிக்கையை அந்த ஆண்டு முடித்துவைத்தது.

இவற்றிலிருந்து சில வழக்கங்கள் பிறக்கின்றன. ஆற்றை ஒட்டிய இடம் அழகு. மழை முன்னறிவிப்பு இருந்தால் மேட்டு இடமே இடம். தெற்கில் சூறாவளிச் சுழல் மார்ச் முதல் மே வரையும், மீண்டும் நவம்பரிலும் வரக்கூடியது, பல நேரம் இரவில். ஆர்.வி. அதற்குப் பாதுகாப்பல்ல, முகாமின் செங்கல் கட்டிய குளியலறையோ அலுவலகமோ எங்கே என்று வந்த அன்றே பார்த்து வைக்க வேண்டும். எச்சரிக்கைகள் கவுன்டியின் பெயரைச் சொல்லி வரும். தங்கும் கவுன்டியின் பெயர் தெரியாவிட்டால் கேட்டும் பயனில்லை. மின்கலத்தில் ஓடும் வானிலை வானொலி சிறிய செலவு. கேபினுக்கு ஒரே பாதைதானா, இன்னொன்று உண்டா என்பதையும் பகலிலேயே ஓட்டிப் பார்த்துவிடலாம்.

சிறிய உயிர்களில் உண்ணியைக் கவனிக்க வேண்டும். லோன் ஸ்டார் என்னும் உண்ணி கடித்தால் சிலருக்கு மாட்டிறைச்சி, பன்றி, ஆட்டிறைச்சி எல்லாம் ஒவ்வாமல் போகும். ஆல்ஃபா-கேல் நோய் என்கிறார்கள். சாப்பிட்டு இரண்டு முதல் ஆறு மணி நேரம் கழித்தே அரிப்பும் மூச்சுத்திணறலும் வருவதால் காரணம் பிடிபடாது. ஆடைக்குப் பெர்மெத்ரின், தோலுக்கு டீட், மாலையில் உடலெங்கும் ஒரு சோதனை போதும். மூன்றிலைக் கொத்தாகப் படரும் பாய்சன் ஐவியைப் பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுத்துவிட வேண்டும். விறகை ஊரிலிருந்து கொண்டுபோகக் கூடாது. மரங்களைத் தின்னும் பூச்சி அதோடு பயணம் செய்யும். ஸ்மோக்கியில் சூடேற்றிச் சான்றளித்த விறகுக்கு மட்டுமே அனுமதி.

யாருக்கான காடு?

நிறம் வேறான குடும்பம் சிற்றூர்த் தெற்கில் எப்படிப் பார்க்கப்படும் என்ற தயக்கத்தைப் பலர் வெளியில் சொல்வதில்லை. அதற்கு வரலாறு இருக்கிறது. இந்தப் பூங்காக்கள் கட்டப்பட்டபோது கறுப்பின மக்களுக்குப் பெரும்பாலும் அடைக்கப்பட்டிருந்தன, மெம்பிஸின் டி.ஓ. ஃபுல்லர், ஜார்ஜியாவின் கார்வர் எனச் சில பூங்காக்கள் மட்டும் அவர்களுக்கென ஒதுக்கப்பட்டன. இனப் பிரிவினையை நீக்கச் சொல்லி வழக்கு வந்ததும் தென் கரோலினா 1963-இல் தன் மாநிலப் பூங்காக்களையே மூடியது. 1964-இல் திறந்தபோதும் கேபின்களும் நீச்சலும் இல்லை. 1966-இல்தான் அவை எல்லாருக்குமாகத் திரும்பின. கறுப்பினப் பயணிகள் தங்கத்தக்க இடங்களைத் தொகுத்த 'கிரீன் புக்' 1936 முதல் முப்பது ஆண்டுகள் வெளிவர வேண்டியிருந்தது.

இன்று கதவு சட்டப்படி எல்லாருக்கும் திறந்திருக்கிறது. வழியில் கூட்டமைப்புக் (கான்ஃபெடரேட்) கொடி பறக்கும் வீடுகள் கண்ணில் படும். மாட்டிய வண்டியைத் தள்ள முதலில் இறங்கி வருபவரும் அதே ஊர்க்காரராக இருப்பார். இரண்டையும் சேர்த்தே அறிந்துகொள்வது நல்லது. நடைமுறையில் ஒன்று முக்கியம்: தனியார் நிலத்தில் கால் வைக்கக் கூடாது. ஆர்கன்சா, டெக்சஸ், வட கரோலினாவில் மரத்தில் ஊதா வண்ணப் பட்டை இருந்தால் அதுவே நுழையாதே என்ற அறிவிப்பு. இலையுதிர் காலத்தில் தேசியக் காடுகளில் வேட்டை நடக்கும். நடப்பவர்கள் ஆரஞ்சு நிறம் அணிய வேண்டும். ரேஞ்சரும், முகாமிலேயே வசிக்கும் உதவியாளரும் உள்ள பொதுப் பூங்கா, முதல் பயணத்துக்கு ஏற்றது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எப்படி முடிவெடுப்பது

முதல் முறை போகும் குடும்பம், அதிலும் பெரியவர்களும் கைக்குழந்தையும் இருந்தால், மூன்று மணி நேரத் தொலைவுக்குள் ஒரு மாநிலப் பூங்காக் குடிலை ஏப்ரலிலோ அக்டோபர் வாரநாளிலோ எடுக்கலாம். கோடையில்தான் விடுப்பு என்றால் உயரமான மலை. பிள்ளைகளின் ஆர்.வி. ஆசைக்கு, வீட்டுக்கு அருகிலுள்ள ராணுவப் பொறியாளர் படையின் ஏரிக்கரையில் இரண்டு இரவு போதும். மின்சாரம் இருக்கும், ஏதாவது பழுதானால் வீடு திரும்பலாம். அதில் கை பழகியபின் நாச்சஸ் டிரேஸ் போன்ற நீண்ட சாலைக்கு வண்டியைத் திருப்பலாம். பத்துப் பதினைந்து பேர் கூடும் பிறந்தநாளுக்குத் தனியார் கேபினே சரி.

செலவில் பெரும்பகுதியைத் தீர்மானிப்பது பேரம் அல்ல, முன்கூட்டிய பதிவு. தெற்கின் மிகச் சிறந்த குடில்களும் ஏரிக்கரைகளும் பொதுச் சொத்து. அவை நாட்காட்டியை முதலில் திறந்தவருக்குக் கிடைக்கின்றன. அங்கே இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் மட்டும் தனியார் விளம்பரங்களுக்குப் போவதே முறை.